நான்காவது பெயர்

வெள்ளிக்கிழமை மாலை எங்கள் மூத்த பொறியாளர் ஒருவர் விடைபெற்றுப் போனார். மடிக்கணினியை ஒப்படைத்துவிட்டார், அடையாள அட்டையைத் தந்துவிட்டார், கடவுச்சொற்களை மாற்றியாகிவிட்டது. மனிதவளத் துறையின் விடுவிப்புப் படிவத்தில் பதினான்கு கட்டங்களிலும் டிக் விழுந்திருந்தது. எல்லாம் ஒழுங்காக முடிந்தது என்றுதான் நானும் கிளம்பினேன்.

திங்கட்கிழமை காலை மின்னஞ்சலைத் திறந்தால் ஒரு தானியங்கிக் கடிதம். நாங்கள் யாருடைய நெட்வொர்க் கருவிகளை விற்று நிறுவித் தருகிறோமோ, அந்த உற்பத்தி நிறுவனம் அனுப்பியது. கூட்டாளர்களுக்காக அவர்கள் நடத்தும் இணையப் போர்ட்டலில் நுழைந்து பார்த்தேன். சான்றிதழ் பெற்ற நிபுணர்கள்: தேவை 4, இருப்பு 3. அந்த 3 மட்டும் சிவப்பில். கீழே ஒரே வரி: அறுபது நாட்களுக்குள் இடத்தை நிரப்பாவிட்டால் உங்கள் கூட்டாளர் நிலை ஒரு படி இறக்கப்படும்.

நடந்தது இவ்வளவுதான். போனவர் சனிக்கிழமை தன் சான்றிதழ்க் கணக்கில் நுழைந்து, 'பணிபுரியும் நிறுவனம்' என்ற இடத்தில் எங்கள் பெயரை எடுத்துவிட்டுப் புது நிறுவனத்தின் பெயரைப் போட்டிருக்கிறார். முழுக்க அவருடைய உரிமை. படிவத்தில் பதினைந்தாவது கட்டமாக அது இருந்திருக்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இந்தத் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது விநோதமாகத் தெரியலாம். தர மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 9001 மாதிரியான சான்று நிறுவனத்தின் பெயரில் வருகிறது. யார் வந்தாலும் போனாலும் அடுத்த தணிக்கைவரை அது சுவரில் இருக்கும். நான் சொல்லும் சான்றிதழ் தனி மனிதரின் பெயரில் இருப்பது. ஆனால் அப்படிப்பட்ட பெயர்கள் நிறுவனத்தில் எத்தனை இருக்கின்றன என்று எண்ணித்தான் உற்பத்தியாளர்கள், தங்கள் பொருளை விற்று நிறுவித் தரும் எங்களைப் போன்ற கூட்டாளர்களுக்குப் படிநிலை கொடுக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் 2022 அக்டோபரில் தங்கம், வெள்ளி என்ற பழைய முறையிலிருந்து நூற்றுக்கு எழுபது புள்ளி எடுக்க வேண்டும் என்ற முறைக்கு மாறியது. அந்தப் புள்ளிகளில் ஒரு பகுதி, ஊழியர்களில் எத்தனை பேர் எந்தத் தேர்வில் தேறியிருக்கிறார்கள் என்பதற்கு. அமேசானின் கிளவுட் பிரிவும் தன் கூட்டாளர் படிநிலையில் இப்படி ஆள் எண்ணுகிறது. நெட்வொர்க் கருவி நிறுவனமான சிஸ்கோ 1993இல் தொடங்கிய, நெட்வொர்க் நிபுணர்களுக்கான சிசிஐஇ சான்றிதழை எடுத்துக்கொண்டால், எட்டு மணி நேர ஆய்வகத் தேர்வில் தேறியவருக்கு ஓர் எண் தருவார்கள். அந்த எண் ஆயுளுக்கும் அவருடையது. அவர் எங்கே போகிறாரோ அதுவும் அங்கே போகும்.

படி இறங்கினால் என்ன ஆகும்? விளம்பரத்தில் போடும் சின்னம் போவது சின்ன விஷயம். கொள்முதல் தள்ளுபடி குறையும். நாம் முதலில் கண்டுபிடித்துச் சொன்ன வாடிக்கையாளரை நம் பெயரில் பதிந்துகொள்ளும் சலுகை சுருங்கும். தொழில்நுட்ப உதவிக்கு அழைத்தால் வரிசையில் பின்னால் நிற்போம். இதையெல்லாம்விடப் பெரிய அடி டெண்டரில் விழும். 'விண்ணப்பதாரர் இன்ன நிலைக் கூட்டாளராக இருக்க வேண்டும், ஒப்பந்தக் காலம் முழுவதும் இருக்க வேண்டும்' என்ற வரி, பெரிய டெண்டர்கள் பலவற்றில் தகுதிப் பகுதியிலேயே வந்துவிடும்.

எங்களுக்கு அப்போது ஒரு டெண்டர் பாதியில் நின்றது. நான்கு நிபுணர்களின் தன்விவரங்களை இணைத்து, ஒவ்வொன்றிலும் கையெழுத்து வாங்கி, கோப்பு கட்டித் தயாராக இருந்தது. ஒப்படைக்க ஒன்பது நாள்தான் பாக்கி. 'பெயர் இருக்கட்டுமே, கையெழுத்துப் போட்டபோது அவர் இங்கேதானே இருந்தார்' என்று மேலிருந்து ஒரு குரல் வந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கும் ஒரு மாலை முழுக்க அந்த ஆசை இருந்தது. விளக்கக் கடிதத்தில் 'குறிப்பிடப்பட்ட நால்வரும் எங்கள் ஊழியர்கள்' என்று எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். கடைசியில் என்னைத் தடுத்தது நேர்மை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன். போனவர் சேர்ந்திருந்த நிறுவனமும் அதே டெண்டருக்கு விண்ணப்பிக்கிறது என்ற செய்திதான் தடுத்தது. ஒரே பெயர் இரண்டு கோப்புகளில் இருந்தால் திறக்கிற அன்றே அகப்பட்டுக்கொள்வோம். தவறான தகவல் தந்ததாகக் கறுப்புப் பட்டியலில் விழுந்தால் ஒரு டெண்டர் அல்ல, பல வருடம் போய்விடும்.

அந்த டெண்டரை விட்டோம். நடந்துகொண்டிருந்த இன்னொரு வேலையில் அவர் பெயர் முக்கியப் பணியாளர் பட்டியலில் இருந்தது. அந்த வாடிக்கையாளருக்கு அன்றே கடிதம் எழுதினேன். ஒப்பந்தத்தைத் தேடிப் பார்த்ததில், சமமான அல்லது கூடுதல் தகுதி உள்ளவரை மாற்றாக நியமிக்கலாம் என்று ஒரு விதி இருந்தது. அவர்களும் சம்மதித்தார்கள். முன்கூட்டியே சொன்னதற்கு நன்றி என்றுகூட எழுதினார்கள். அவர்களாகக் கண்டுபிடித்திருந்தால் அதே விதி எங்களுக்குக் கைகொடுத்திருக்காது என்பது என் கணிப்பு.

அறுபது நாள் ஓடத் தொடங்கியது. உள்ளே ஒரு இளைய பொறியாளரைத் தயார்செய்தோம். அவர் இரவு பகலாகப் படித்தார், முதல் முயற்சியில் தோற்றார். அதில் வியப்பில்லை, உயர்நிலைத் தேர்வுக்கு இரண்டு மாதம் எந்த மூலைக்கு? வெளியில் ஆள் தேடினோம். அப்போதுதான் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். குரலில் நல்ல பழக்கம் தெரிந்தது. 'சார், உங்களுக்கு ஆள் வேண்டுமா, பெயர் வேண்டுமா?' என்று கேட்டார். முதலில் எனக்குப் புரியவில்லை. வேலைக்கு வர மாட்டாராம், மாதாமாதம் ஒரு தொகை கொடுத்தால் தன் சான்றிதழை எங்கள் கணக்கில் இணைத்து வைப்பாராம். வாடகைக்குச் சான்றிதழ். இது எங்கும் கேள்விப்படாத விஷயமல்ல, மறைவாக நடப்பதுதான். ஆனால் கூட்டாளர் ஒப்பந்தத்தில் 'எங்கள் முழுநேர ஊழியர்' என்று நாம் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறோம். வேண்டாம் என்று வைத்துவிட்டேன். ஐம்பத்தோராவது நாள், நாங்கள் முதலில் நினைத்திருந்ததைவிடக் கணிசமாக அதிகச் சம்பளத்துக்கு ஒருவர் சேர்ந்தார்.

சேர்ந்தவரின் சான்றிதழை இணைக்கப் போனால் போர்ட்டல் ஏற்கவில்லை. பழைய நிறுவனத்தின் கணக்கில் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு சான்றிதழ் ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் எண்ணப்படும். அவர் பழைய மேலாளரிடம் பேசி, அவர்கள் விடுவித்து, எங்களிடம் பச்சை விழுந்தபோது ஐம்பத்தெட்டாவது நாள்.

இதில் எனக்கு ஒரு தனி வெட்கம் உண்டு. பதினொரு வருடங்களுக்கு முன் இதே கதையின் மறுபக்கத்தில் நான் இருந்தேன். அன்று வேலையை விட்டவன் நான். கடைசி நாள் என் மேலாளர் அறைக்கு அழைத்து, 'உங்கள் பெயர் இன்னும் மூன்று மாதம் எங்கள் கணக்கில் இருக்கட்டுமா?' என்று கேட்டார். நல்ல மனிதர், பல வருடம் கற்றுக் கொடுத்தவர். என்னால் முடிந்த கைம்மாறு என்று நினைத்துத் தலையாட்டிவிட்டேன். புது நிறுவனத்தில் சேர்ந்த இரண்டாம் வாரம், 'உங்கள் சான்றிதழை நம்பித்தான் இந்த இடத்துக்கு உங்களை எடுத்தோம், கணக்கில் ஏறவில்லையே' என்று கேட்டார்கள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இவ்வளவும் பட்டவன், மேசைக்கு இந்தப் பக்கம் வந்ததும் எல்லாவற்றையும் மறந்துபோனேன்.

இப்போது நேர்காணலிலேயே கேட்டுவிடுகிறேன்: உங்கள் சான்றிதழ் எந்த நிறுவனத்தின் கணக்கிலாவது இணைந்திருக்கிறதா? எப்போது விடுவிப்பார்கள்? காலாவதி எப்போது? கேட்பதில் ஒரு தயக்கமும் வேண்டாம். மாறுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: போகிற இடத்தில் உங்கள் சான்றிதழ் எதற்குப் பயன்படப்போகிறது என்று தெரிந்துகொண்டு, பழைய இடத்தில் எழுத்தில் தேதி வாங்கிவிடுங்கள். நன்றியை வேறு எப்படியும் காட்டலாம்.

அந்த இரண்டு மாத அலைச்சலுக்குப் பின் நிர்வாகம் எடுத்த முடிவு, நீங்கள் ஊகித்ததுதான். பாண்ட். நிறுவனச் செலவில் தேர்வு எழுதினால் இரண்டு வருடம் நகரக்கூடாது, நகர்ந்தால் முழுத் தொகையும் திருப்பித் தர வேண்டும். எனக்கும் அப்போது அது நியாயமாகத்தான் பட்டது. அந்தக் காலாண்டில் ஐந்து பேர் தேர்வுக்குப் பெயர் கொடுத்திருந்தார்கள். பத்திரம் மேசைக்கு வந்ததும் நால்வர் பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஐந்தாமவர் ஒன்றும் சொல்லவில்லை. சொந்தக் காசில் எழுதினார், தேறினார், எங்கள் கணக்கில் இணைக்கவே இல்லை, அடுத்த மாதம் கிளம்பினார். நாங்கள் ஒரு பைசா கேட்க முடியாது. ஆளைப் பிடித்து வைக்கப் போட்ட பத்திரம் படிப்பைத்தான் நிறுத்தியது. ஒரு வருடத்தில் எங்கள் பக்கம் புதிதாகத் தேறியவர் ஒருவர் மட்டுமே.

கட்டணம் நாங்கள் கட்டினோம், ஆகவே சான்றிதழில் எங்களுக்குப் பங்கு உண்டு என்ற எண்ணம் முதலாளிகளை விட்டுப் போகவே போகாது. கல்லூரிக் கட்டணம் கட்டிய அப்பா, பிள்ளையின் பட்டத்தைத் தன் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள முடியுமா? தேர்வு விதிகளை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டவர் தேர்வர். உடன்பாடு அவருக்கும் தேர்வு நடத்தும் அமைப்புக்கும் இடையில். அதில் நாம் எங்கும் இல்லை.

சரி, சான்றிதழ் முதலாளியின் கையில் இருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா என்று கேட்டால், அப்படியும் ஒரு தொழில் இருக்கிறது. என் நண்பர் ஒருவர் உலோகப் பொருட்களை உடைக்காமலேயே ஒலி அலைகளாலும் எக்ஸ்ரே கதிர்களாலும் சோதிக்கும் துறையில் இருக்கிறார். அங்கே இரண்டு வழிகள் உண்டு. எஸ்என்டி-டிசி-1ஏ என்ற நடைமுறையில் சான்றளிப்பதே முதலாளிதான். வேலையை விட்டால் அந்தச் சான்று அன்றோடு முடிந்தது, புது முதலாளி தன் விதிப்படி மறுபடி சான்றளிக்க வேண்டும். ஐஎஸ்ஓ 9712 முறையில் வெளி அமைப்பு சான்றளிக்கிறது. ஐந்து வருடம் செல்லும், ஆளோடு போகும். 'முதல் முறையில் உங்கள் ஆட்கள் நிலைத்து நிற்கிறார்களா?' என்று ஆவலோடு கேட்டேன். சிரித்தார். 'காகிதத்தை வைத்துவிட்டுப் போகிறார்கள். கையும் கண்ணும் அவர்களோடுதானே போகிறது?' என்றார். புது இடத்தில் சில வாரத்தில் மறுபடி சான்று வாங்கிவிடுகிறார்களாம். காகிதம் யாருடையது என்ற சண்டையில் இருந்த ஆர்வம் எனக்கு அன்றோடு போனது.

அடுத்த வருடம் பத்திரத்தைக் கிழித்துவிட்டு வேறு ஏற்பாடு செய்தோம். தேர்வுக் கட்டணமும் வெளிப் பயிற்சிச் செலவும் மட்டும் கணக்கில் வரும், படித்த நாட்களின் சம்பளம் வராது. தேறிய மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதம், மாதத்துக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு கழிந்துகொண்டே வரும். ஏழாம் மாதம் போனால் மீதி ஐந்து பங்கு. நாங்களே ஆளைக் குறைத்தால் ஒன்றும் கேட்க மாட்டோம். தோற்றால் முதல் முயற்சி நிறுவனத்தின் செலவு. இந்த மாதிரி உடன்பாடு எவ்வளவு தூரம் செல்லும் என்பது நாட்டுக்கு நாடு சட்டத்தில் மாறும், எனவே வழக்கறிஞர் பார்க்காமல் எதையும் அச்சடிக்காதீர்கள். பெயர் கொடுப்பவர்கள் மீண்டும் வரத் தொடங்கினார்கள்.

ஆனால் இதெல்லாம் ஓட்டையை அடைக்கும் வேலை. அந்த நான்காவது ஆள் ஏன் போனார் என்று நான் கேட்கவே இல்லை என்பது ஒரு வருடம் கழித்துத்தான் உறைத்தது. ஒரு கருத்தரங்கில் எதிரே வந்தார். கோபமெல்லாம் ஆறியிருந்தது, கேட்டேன். அவர் நினைவூட்டினார். தேறிய மறுநாள் படிக்கட்டில் என்னைப் பார்த்துச் செய்தியைச் சொல்லி, 'சம்பளத்தைப் பற்றிப் பேச முடியுமா சார்?' என்று கேட்டாராம். நான் 'பார்க்கலாம்' என்றேனாம். சம்பள மறுபரிசீலனைக்கு அப்போது பதினொரு மாதம் இருந்தது. அதே வாரம் அவர் வேலைவாய்ப்பு இணையதளத்தில் உள்ள தன் விவரத்தில் சான்றிதழைச் சேர்த்திருக்கிறார், இரண்டு அழைப்புகள் வந்திருக்கின்றன. இன்னொன்றும் சொன்னார், அதுதான் அதிகம் தைத்தது. தேறிய பிறகும் அவருக்கு நாங்கள் கொடுத்த வேலை, கிளை அலுவலகங்களில் நெட்வொர்க் சுவிட்ச் மாற்றுவது. 'எண்ணிக்கைக்குத்தானே என்னை எழுதச் சொன்னீர்கள், வேலைக்கு இல்லையே' என்றார். மறுத்துப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை.

சந்தையில் ஒருவரின் விலை தேறிய அன்றே ஏறிவிடுகிறது. நம் சம்பளப் பட்டியல் மட்டும் ஆண்டு முடிவுக்காகக் காத்திருக்கிறது. எந்த முதலாளியிடமும் பயன்படும் பயிற்சி, ஓரிடத்தில் மட்டும் பயன்படும் பயிற்சி என்று பொருளாதாரத்தில் இரண்டாகப் பிரிப்பார்கள். முதல் வகையின் பலன் தொழிலாளிக்கே போகும், ஆகவே முதலாளி அதற்குச் செலவழிக்கத் தயங்குவார் என்பது கணக்கு. எங்கள் கணக்கில் ஒரு வித்தியாசம், அந்தச் சான்றிதழ்கள் இல்லாமல் நாங்கள் கடையே நடத்த முடியாது. ஆகவே தயங்கும் வசதி எங்களுக்கு இல்லை. இப்போது தேர்வு முடிவு வந்த மாதத்திலேயே சம்பளம் திருத்தப்படுகிறது. அடுத்த திட்டத்தில் அந்தத் திறமைக்கு வேலை இருக்கிறதா என்று பார்த்த பிறகே தேர்வுக்கு அனுப்புகிறோம்.

இன்னொரு பாடம், கொஞ்சம் சலிப்பூட்டும் பாடம். ஆள் போய் நாங்கள் இழந்த சான்றிதழ்களைவிட, ஆள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே காலாவதியானவை அதிகம். அமேசான் கிளவுட் சான்றிதழ் மூன்று வருடம். மைக்ரோசாஃப்டின் பணிநிலைச் சான்றிதழ்கள் பலவும் ஒரே வருடம்தான், கெடுவுக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் இணையத்தில் இலவசமாகப் புதுப்பிக்கலாம், ஆனால் தேதி தாண்டினால் மறுபடி முழுத் தேர்வு. திட்ட மேலாண்மையின் பிஎம்பிக்கு மூன்று வருடத்தில் 60 புள்ளிக்குத் தொடர்கல்வி காட்ட வேண்டும், தகவல் பாதுகாப்பின் சிஐஎஸ்எஸ்பிக்கு 120. போதாக்குறைக்கு, தேர்வையே மூடிவிடும் உற்பத்தியாளர்கள் உண்டு. ஊரெல்லாம் அறிந்த மைக்ரோசாஃப்டின் எம்சிஎஸ்இ சான்றிதழ் 2021 ஜனவரி 31 அன்று ஓய்வு பெற்றது. நினைவூட்டல் கடிதங்களெல்லாம் தேர்வு எழுதியவரின் சொந்த மின்னஞ்சலுக்குப் போகும், நமக்கு வராது. நமக்கு வருவது சிவப்பு எண் மட்டும்.

அதற்காக ஒரு தாள் வைத்திருக்கிறேன். பெரிய மென்பொருள் ஒன்றும் இல்லை, சாதாரண விரிதாள். பெயர், சான்றிதழ், காலாவதி நாள், எந்தக் கணக்கில் இணைந்திருக்கிறது, எந்தெந்த ஒப்பந்தத்தில் அவர் பெயர் போயிருக்கிறது, அவருக்கு அடுத்து யார் தயாராகிறார். கடைசி இரண்டு பத்திகளும்தான் உயிர். ராஜினாமா வந்த அன்று, விடைபெறும் அன்று அல்ல, அந்த வரியைத் திறந்து படிக்கிறோம். எந்த வாடிக்கையாளருக்குக் கடிதம் எழுத வேண்டும், போர்ட்டல் கணக்கு எந்தத் தேதியில் மாறும் என்று போகிறவரோடு உட்கார்ந்து பேசி முடிக்கிறோம். எல்லாவற்றுக்கும் மேலாக, நான்கு பேர் தேவை என்றால் ஐந்து பேர் வைத்துக்கொள்கிறோம். அந்த ஐந்தாமவருக்கான செலவை வீண் என்று நிதித் துறை இரண்டு முறை கேள்வி கேட்டது. அந்த அறுபது நாளில் தள்ளுபடி, டெண்டர், அவசரச் சம்பளம் எனப் போனதை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் முறை கேட்கவில்லை.

போர்ட்டலில் இன்று தேவை 4, இருப்பு 5. ஐந்தில் ஒருவர் அடுத்த மாதம் போகிறார். ராஜினாமா எழுதுவதற்கு ஆறு வாரம் முன்பே என் அறைக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, 'சார், ஓர் இடத்தில் பேசிக்கொண்டிருக்கிறேன், தாளில் என் வரிக்கு அடுத்து யார் என்று பார்த்து வையுங்கள்' என்றார். அவருக்கான பரிந்துரைக் கடிதம் என் மேசையில் பாதி எழுதிய நிலையில் இருக்கிறது.